கல்தொட்டியும் அம்மாவின் செம்பும்

எதிர்வீட்டு யாகூப் வீடு,
மாத்தளை.
11.03.1984

அன்பு மகள் பூங்கோதைக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீயும் மருமகன் ஹியூவும் குழந்தையும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும், நீ அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. என்னிடம் விமானக் கடிதத்தாள் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உங்கள் ஊர்த் தேவாலயத்துக் கல்தொட்டி ஞானஸ்நானத்துக்கு ஏற்றதல்ல.
2. அம்மாவின் செம்பை அனுப்ப முடியாது.
3. தண்ணீர்.
4. என் விலாசம்.

முதலாவது. ஆறு படங்கள் அனுப்பியிருக்கிறாய். ஐந்தில் கல். ஆறாவதில் கல்லுக்குப் பக்கத்தில் மருமகன் கையில் ஒரு துணிப்பொதி, அதன் ஓரத்தில் ஒரு காது. அதுதான் என் பேத்தி என்று யாகூப்பின் மனைவி றஹீமா அடித்துச் சொல்கிறாள். கல்லுக்கு எழுநூறு வயது, உள்ளே ஈயத்தகடு, புனித நீரை யாரும் திருடாமல் மூடி போட்டுப் பூட்டிய கொளுக்கியின் துளை இன்னும் தெரிகிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். குழந்தையின் நிறை எத்தனை இறாத்தல் என்று எங்கும் இல்லை. கடிதத்தை மூன்று தடவை தேடினேன்.

மருமகன் வீட்டார் முறைப்படி செய்வதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. அதைப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். ஆனால் ஏதோ ஒரு சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் அந்தத் தொட்டியை வெளியே உருட்டிவிட்டார்கள், ஒரு பண்ணைக்காரன் குடும்பம் நூற்றைம்பது வருடம் அதில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தது, பிறகு ஊரார் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நீயே எழுதுகிறாய். விளிம்பில் ஒரு சாண் அளவுக்கு உடைந்தும் இருக்கிறது. அந்த ஊரில் வேறு கல் இல்லையா? கல் கொத்த ஆள் இல்லையா? மாடு குடித்த தொட்டியில்தானா என் பேத்தியின் தலை நனைய வேண்டும்? நான் அவசரப்பட்டுப் பேசுகிறேனோ தெரியவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இரண்டாவது. அம்மாவின் பித்தளைச் செம்பால்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், பாதிரியார் சம்மதித்துவிட்டார், ஈஸ்டருக்கு முன் அனுப்புங்கள் என்கிறாய். பாதிரியாரிடம் கேட்டவள் என்னிடம் முதலில் கேட்டிருக்கலாம். (அ) செம்பு கனம். (ஆ) சுங்கத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். (இ) ஈஸ்டருக்கு மிச்சமிருக்கும் ஆறு கிழமைக்குள் போய்ச் சேரும் என்று தபாற்கந்தோரில் உறுதி தரவில்லை. அங்கேயே நல்ல பாத்திரம் ஒன்று வாங்கிக்கொள்.

மூன்றாவது. தண்ணீரைக் காய்ச்சி இளஞ்சூடாக ஊற்றச் சொல். ஏப்ரலிலும் குளிர் என்கிறாய். கல் குளிரும், ஈயம் அதைவிடக் குளிரும். பாதிரியார் மறுத்தால் மருமகனைப் பேசச் சொல். நீ பேசினால் சண்டையில் முடியும்.

நான்காவது. போன வருட ஆடிக் கலவரத்தில் நம் வீட்டுக் கூரையில் கொஞ்சம் சேதம், அது சரியாகும்வரை யாகூப் வீட்டில் இருக்கிறேன் என்று ஆகஸ்டில் எழுதினேன். ஒரு கூரைக்கு எட்டு மாதமா என்று கேட்கிறாய். ஓடு கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவும் எழுதிவிட்டு மத்தியானம் சாப்பிடப் போனேன். என் பக்கம் இரண்டு பேர் சேரட்டும் என்று தொட்டியின் கதையை யாகூப்புக்கும் றஹீமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அது பெரிய பிழை. உடைஞ்ச இடத்த அவங்க பூசலியா மாஸ்டர் என்று றஹீமா கேட்டாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பூசவில்லை. உடைந்த விளிம்பு கைபட்டுக் கைபட்டு மழமழவென்று இருக்கிறது. யாகூப் சோற்றில் வைத்த கையை எடுக்காமலே, உடைஞ்ச தொட்டி அவங்க சாமிக்கு ஆகுது, கறுத்த செம்பு ஒங்க பேத்திக்கு மட்டும் ஆகாதா என்றார். என் வீட்டுப் புளியெல்லாம் அந்தச் செம்பத் தேய்க்கத்தான் போவுது, கொடுத்துத் தொலைங்க மாஸ்டர், இனியாவது ரசம் வைக்கிறேன் என்றாள் றஹீமா. எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் வீட்டில் இருந்துகொண்டு அவர்கள்மேல் கோபப்படுவது எப்படி என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே இதையும் எழுதுகிறேன். (அ), (ஆ), (இ) எதுவும் காரணமல்ல. நம் வீடு எரிந்த சாம்பல் ஆற நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் யாகூப் ஓட்டுக் குவியலைக் கிளறி அந்தச் செம்பை எடுத்து வந்தார். ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. புளி போட்டேன், சாம்பல் போட்டேன், மினுக்கு மருந்தும் போட்டேன். உள்ளே மஞ்சள் திரும்பிவிட்டது. வெளியே கறுப்புப் போகவில்லை. அனுப்பினால் பார்த்தவுடன் உனக்குக் கூரை விஷயம் தெரிந்துவிடும் என்றுதான் தயங்கினேன். சேதம் கூரையில் மட்டும் இல்லை, பூங்கோதை. மூன்று சுவர் நிற்கிறது. அம்மாவின் படமும் உன் பள்ளிக்கூடப் பரிசுகளும் இல்லை. எனக்கு ஒரு கீறலும் இல்லை. அன்றைக்கு முழுக்க யாகூப் வீட்டு மிளகு அறையில் இருந்தேன். இப்போதும் மிளகு வாசம் பட்டால் தும்முகிறேன், அவ்வளவுதான்.

பார்சலை றஹீமா துணி சுற்றித் தைத்துவிட்டாள். நாளை யாகூப் தபாலில் சேர்க்கக் கண்டிக்குக் கொண்டுபோகிறார். இனி நான் மனம் மாறினாலும் பயனில்லை. யாராவது ஏன் கறுப்பு என்று கேட்டால் நெருப்பில் இருந்தது என்று சொல். மினுக்கக் கொடுக்காதே.

தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார். உன்னைக் குளிப்பாட்டும்போது அம்மா அப்படித்தான் பார்ப்பாள். குழந்தை தீர்க்காயுசாக, பயமில்லாமல் இருக்கட்டும். காது மட்டுமல்லாமல் முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

உன் அப்பா,
மு. மாணிக்கவாசகம்

பி.கு. இடம் முடிகிறது. இரண்டாவது குறிப்பு பொய், அதை மேலே ஒப்புக்கொண்டேன். முதலாவது குறிப்பு பிழை. அந்தத் தொட்டியிலேயே செய்யுங்கள்.