தவிட்டு நிறப் பிரேம்

ஜூலை 6, ஞாயிறு

கச்சான் காத்து. வாசல் முழுக்க மணல். ரெண்டு தரம் கூட்டியும் வீண்.

கண்ணாடி உடைஞ்சி போச்சி. சுபஹுத் தொழுகைக்குப் பொறகு கட்டில்ல கழட்டி வெச்சிட்டு, அதுக்கு மேலயே இருந்திட்டன். கண்ணாடிட ஒரு கால் கையோட வந்திட்டு. நூலால கட்டிப் பார்த்தன். தலையில ஸ்காப் சுத்தினா அழுத்திக் கழண்டு விழுது.

எப்படியும் மாத்தத்தான் வேணும். அரிசியில கல் தெரியல்ல. மூணாம் வகுப்புக் கொப்பி திருத்தக்குள்ள 'ன'வும் 'ண'வும் ஒண்டாத் தெரியுது. பிள்ளைகளுக்கு லாபம்.

இவரிட்டச் சொன்னன். "நாளைக்குக் கூட்டிப் போறன்" எண்டார்.

எங்க ரெண்டு பேருக்கும் இது ரெண்டாவது கலியாணம். மகள் சிபானாட வாப்பா மௌத்தாகி ஆறு வருஷம். இவர்ட மனிசி அதுக்கும் முதல். நோன்புப் பெருநாளுக்குப் பொறகு காவின் எழுதி என்ட ஊட்டுக்கு வந்தவர். இன்னும் விருந்தாள் மாதிரித்தான். குசினிக்குள்ள வாறதுக்கு முதல் செருமுறார். தேத்தண்ணி குடிச்ச கோப்பைய அவரே கழுவி வெக்கிறார். என்னை "நீங்க" எண்டுதான் சொல்லுற, அதும் நிலத்தப் பார்த்து. நல்ல மனுஷன், குறை சொல்ல ஏலா. ஆனா நிலத்தோட கதைக்கிற மனுஷன்.

நிந்தவூர்ல இருந்து சிபானா கோல் எடுத்தா. "உம்மா, வட்டமா எடுங்க. இப்ப எல்லாரும் அதுதான்."

ஜூலை 7, திங்கள்

கண் பார்த்தாச்சி. கிட்டப் பார்வை, தூரப் பார்வை ரெண்டும் மாறியிருக்காம். இவர் சைக்கிள் பாட்ஸ் கடையப் பூட்டிட்டு வந்து, ஹெல்மட்ட மடியில வெச்சிக்கிட்டு வெளியில இருந்தார்.

"என்னவாம்?"

"வயசு போயிட்டாம்."

தலையாட்டினார். பகிடி எண்டு விளங்கல்லயோ.

வாங்க: உளுந்து, சவர்க்காரம், சிவப்புப் பேனை.

பிரேம் நாளைக்கு.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு நேர கல்முனைக்கு. கண்ணாடிக் கடை. மின்விசிறி இருந்தும் புழுக்கம்.

போன பொறகுதான் ஒரு விஷயம் விளங்கிச்சி. கண்ணாடி இல்லாம எனக்கு என்ட முகமே தெரியாது. வெறும் பிரேமப் போட்டுக்கிட்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால நிண்டா, புகைக்குள்ள ஆரோ நிக்கிற மாதிரி. கடைப் பிள்ளை இவரப் பார்த்து, "மாமா, நீங்கதான் பாத்துச் சொல்லணும்" எண்டுச்சி.

முதலாவது: "நல்லாரிக்கி." ரெண்டாவது: "நல்லாரிக்கி." மூணாவதும் நல்லாத்தான் இருந்திச்சாம். பிள்ளை சிரிச்சிட்டு, "எல்லாமே நல்லமெண்டா நான் எதக் குடுக்கிற, மாமா? வடிவாப் பாருங்க."

ஹெல்மட்டக் கீழ வெச்சார். ஸ்டூல இழுத்து எனக்கு முன்னால இருந்தார். பார்த்தார். நிலத்த இல்ல.

சிபானா சொன்ன வட்டம்: "ரெண்டு அரிதட்டு வெச்ச மாதிரி. வட்ட முகத்துக்கு வட்டம் சரி வராது." பிள்ளையும் ஓம் எண்டுச்சி. நீலம்: "புருவத்த மூடுது." ஒண்டு காதுல இறுக்கம், ஸ்காப்புக்குள்ள ரெண்டு நாள் போட்டாத் தலையிடிதான். மறுகா ஒரு தவிட்டு நிறம். மெல்லிசு, மூலை கொஞ்சம் சதுரம். தலைய ஒருக்கா இஞ்சால, ஒருக்கா அங்கால சரிச்சிப் பார்த்தார்.

"சிரிச்சிக் காட்டு."

"என்னத்துக்கு?"

"நீ சிரிக்கக்குள்ள கன்னம் மேல வரும். பிரேம் பெரிசெண்டா எழும்பும். சிபானாவோட கோல்ல கதைக்கக்குள்ள அப்படித்தான் சிரிக்கிற."

நீ எண்டார். சொன்னது அவருக்கே தெரியாது. மூணு மாசமா எங்க இருந்து பார்த்தாரோ. சிரிப்பு வரல்ல எனக்கு. எண்டாலும் சிரிச்சிக் காட்டினன். பிரேம் அசையல்ல.

"இதுதான்" எண்டார்.

அந்த நேரம் பார்த்து ஜெஸ்மின் டீச்சர் கடைக்குள்ள. ஒரே ஸ்டாஃப் ரூம், வாய் நீளம். "ஆ டீச்சர், புதுப் பொண்ணுக்குப் புதுக் கண்ணாடியா? மாப்பிள்ளையே பக்கத்தில இருந்து பாக்கிறாரே." பகிடிதான். ஆனா காது ரெண்டும் சுட்டுச்சி. பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல ஸ்டூல்ல இருந்து சிரிச்சிக் காட்டுறன். தவிட்டு நிறத்தக் கழட்டி வெச்சிட்டு, பெட்டியில கிடந்த கறுப்புத் தடிச்ச பிரேம எடுத்து, "இது போதும், எழுதுங்க" எண்டன்.

இவர் ஹெல்மட்ட எடுத்தார்.

ஜூலை 10, வியாழன்

போயா லீவு. பள்ளிக்கூடம் இல்ல. உடுப்புத் தோச்சன். கருவாட்டுக் குழம்பு, உப்புக் கூடிட்டு.

நேத்து முழுக்க மனசு சரியில்ல. கறுப்பு வேணாம் எண்டு எனக்கே தெரியும். ஜெஸ்மினுக்காக ஒரு கண்ணாடி போடப்போறன்.

பின்னேரம் அஸர் தொழுதிட்டு இவர் குசினி வாசல்ல. செருமல்.

"கடைக்குப் போனன். லென்ஸ் இன்னும் வெட்டல்லயாம். ரெண்டு நாளைக்கு வெட்டாம வைங்க எண்டு சொல்லிட்டு வந்தன்."

நான் அகப்பையோட நிண்டன்.

"கறுப்புத்தான் வேணுமெண்டா இப்பவே கோல் பண்ணுறன். அது மூக்குல நிக்காது, கொப்பி திருத்தக் குனிஞ்சா வழுக்கும். அவ்வளவுதான். நீ போடுற சாமான், உன்ட விருப்பம்."

"ஆக்கள் கதைப்பாங்க."

"என்னெண்டு?"

சொல்ல வெளிக்கிட்டன். சொல்ற அளவுக்கு ஒண்டும் இருக்கல்ல.

"தவிட்டு நிறத்தையே சொல்லுங்க" எண்டன்.

ஓம் எண்டிட்டு அங்கேயே நிண்டார். மறுகா, "குழம்பு மணக்குது" எண்டார். உப்பப் பத்திச் சொல்லல்ல. தின்னக்குள்ளயும் சொல்லல்ல.

ஜூலை 14, திங்கள்

கண்ணாடி வந்திட்டு. வேப்பமரத்தில இல இலயாத் தெரியுது. ஊட்டுல ஒட்டடையும் தெரியுது, அது கவலை.

மூணாம் வகுப்பில ஒரு பிள்ளை: "டீச்சர், இண்டைக்கு நீங்க கோவமா இல்ல." ஜெஸ்மின் டீச்சர் ரெண்டு தரம் பார்த்தா. "எங்க எடுத்த?" எண்டு கேட்டா. சொன்னன்.

பொழுதுபட மஃரிபுக்கு இவர் வந்தார். மேசையில எனக்கு முன்னால இருந்து பிளேன்டீ குடிச்சார். புதுக் கண்ணாடியால அப்பதான் சரியாப் பார்த்தன். சேட்டில ரெண்டாவது பொத்தான், நூல் இல்ல. மெல்லிய செப்புக் கம்பியால முறுக்கிக் கட்டியிருக்கு, கடையில ஏதோ பூட்டுற மாதிரி.

"இது எப்ப இருந்து?"

குனிஞ்சி பார்த்தார். "கொஞ்ச நாள்."

"ஏன் சொல்லல்ல?"

"உனக்கு வேலை குடுக்க..."

"கழட்டித் தாங்க."

எழும்பப் போனார், அறைக்குள்ள போய் மாத்திக்கிட்டு வர. "இஞ்சயே கழட்டுங்க" எண்டன். கழட்டினார். பெனியனோட மேசையில இருந்து மிச்சத் தேத்தண்ணிய குடிச்சார். முதல் தரத்திலயே ஊசிக்கு நூல் கோத்திட்டன்.