மாடிப்படியில் விழுந்ததாக நான் சொன்னது

என் துரை அண்ணனுக்கு,

நீ பூச்சு வேலை பார்த்த முடிச்சூர் அடுக்குமாடியில் குடிவந்துவிட்டார்கள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நீ விழுந்த நாலாவது மாடியில் யாரோ போர்வை காயப்போட்டிருக்கிறார்கள். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

நேற்று லேபர் ஆபீசில் உன் நஷ்டஈட்டுக் கேஸ் வந்தது. "அந்த ஆளு என் சைட்ல வுழவே இல்ல சார்" என்றார் கான்ட்ராக்டர். பெல்ட்டும் கொடுக்காமல், சாரத்தையும் சரியாகக் கட்டாமல் உன்னை ஏற்றிவிட்ட மனுஷன், குரல்கூட நடுங்காமல் சொன்னார். அவருடைய வக்கீல் ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகலை நீட்டினார். வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாய் என்று அதில் இருக்கிறது.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி செல்வி இது? நம்மளுது ஓட்டு வூடு. மாடிப்படி எங்க கீது?" என்றாள். ஆஸ்பத்திரியில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறாள்.

உனக்குத் தெரியும், அதைச் சொன்னது நான். அதே சைட்டில் சித்தாளாக இருந்த நான்தானே உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஏறும்போது கான்ட்ராக்டர் சொன்னார்: "வூட்ல வுழுந்துட்டார்னு சொல்லும்மா. போலீஸ் வந்தா வேலை நின்னுடும், அல்லாருக்கும் பேஜாரு. வைத்தியம் நான் பாத்துக்கறேன்." நம்பினேன். டாக்டரிடம் அப்படியே ஒப்பித்தேன். உன் கையில் கலவை இன்னும் காயவில்லை. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். சரி என்றாயா, வேண்டாம் என்றாயா? மூன்றாம் நாள் சொல்லாமலே போய்விட்டாய்.

உன்னோடு வேலை செய்தவர்கள் இப்போது பெரும்பாக்கத்தில் அதே ஆளிடம்தான் இருக்கிறார்கள். சாட்சிக்குக் கூப்பிட்டால், "புள்ளைங்க கீதுங்கக்கா" என்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீ விழுந்த இடத்தையே இல்லை என்று ஆக்கியவள் நான்.

"ஆஸ்பத்திரியில இதைச் சொன்னது யாரும்மா?" என்று லேபர் ஆபீஸ் அதிகாரி நேற்று கேட்டார். அடுத்த வாய்தாவில் எழுந்து நின்று, நான்தான் என்று சொல்வேன் அண்ணா. ஒரு தடவை பொய் சொன்னவளை இப்போது எப்படி நம்புவது என்று அந்த வக்கீல் கேட்பார். ஜெயிப்போம் என்று தோன்றவில்லை.

அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே அண்ணியிடம் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகும் அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். நாளையிலிருந்து போடமாட்டாள்.

உன்னை வீட்டில் விழவைத்த தங்கச்சி,
செல்வி