வராதவங்க கை தூக்குங்க

அண்ணா,

நேர்ல வந்தா எழுந்து போயிடுற, போனும் எடுக்க மாட்ற. அதான் எழுதி அண்ணி கையில குடுக்குறேன்.

"எங்க பர்னஸ்ல ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்ல, எனக்கு மட்டும் இன்னா வந்துடப் போவுது"ன்னு சர்ச் வாசல்ல கேட்ட. இருமிக்கினேதான் கேட்ட.

லோகு எங்கண்ணா? உன் பக்கத்துல நின்னு இரும்பு உருக்கினவருதானே. பொங்கலுக்கு அப்புறம் அவரு கும்மிடிப்பூண்டி பக்கமே வரல. பொன்னேரியில ஆக்சிஜன் வெச்சிக்கினு படுத்திருக்காரு. வேலைக்கு வர முடிஞ்சவங்கள மட்டும் எண்ணினா எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க.

நீ அந்த அனல்ல நின்னு என்னைக் கணக்குல டாக்டரேட் வரைக்கும் படிக்க வெச்ச. இப்ப காலேஜ்ல பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் முதல் வகுப்புல வருஷா வருஷம் இதைத்தான் சொல்லித் தரேன். உள்ள போனதும், "இன்னிக்கு வராதவங்க கை தூக்குங்க"ன்னு சொல்வேன். பசங்க சிரிப்பாங்க. அப்புறம், வராதவன் எப்படிக் கை தூக்குவான்னு அவங்களுக்கே புரியும்.

இன்னிக்குப் புது பேட்ச். கிளாசுக்குப் போறப்ப அண்ணி போன் பண்ணாங்க, உன் துண்டுல ரத்தம்னு. போர்டு முன்னாடி நின்னேன். "வராதவங்க"ன்ற வார்த்தை வாயில வரல.

நாளைக்கு ஷிப்டுக்குப் போவாத. காலையில ஆட்டோ எடுத்துக்கினு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம். பின்பக்கமா போயிடாதண்ணா.

உன் தங்கச்சி