வெள்ளத்தில் அடிக்கும் சத்தம்

அக்காவுக்கு,

மீன்குளத்தை மூடச் சொன்னாய். மனசு வரவில்லை. ஆளுயரம் இருந்ததை முட்டளவாக்கி, புதுப் படுதா விரித்தாச்சு. வழுக்காமல் ஏற ஒரு பக்கம் கல்படியும் உண்டு.

பழைய படுதாவை உரித்தபோது, ஓரத்துப் பாசியில் அப்பாவின் விரல் பாடு, வழித்த தடமாய்க் கோடுகோடாகக் கிடந்தது. வேலைக்கு வந்த ஜெனில் கழுவப் போனான். "தொடாதலே!" என்று கத்திவிட்டேன்.

அப்பாவின் அடக்கத்தன்று நீ கேட்டாய்: "சத்தம் ஒண்ணும் கேக்கல்லியா மக்கா?" மோட்டார் ஓடியது என்றேன்.

மோட்டார் ஓடவில்லை, அக்கா. எனக்குக் கேட்டது. தீனி போடும்போது மீனைக் கூப்பிட அப்பா குளத்து வெள்ளத்தில் கையால் அடிப்பாரே, அதே சத்தம்தான். நான் அடுக்களையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அடித்தார். இன்றைக்கு மீன் வரமாட்டேங்குது போல என்று நினைத்தேன்.

உன் தம்பி