இரண்டு டாக்டர்கள் சொன்ன இரண்டு பதில்

1976, ஆடி மாதம், புதன்கிழமை

இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, எருத்தேன்பதியிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்தேன். போன மாதம் என் வீட்டுக்காரர் தலையில் ஆபரேஷன் செய்து எடுத்த கட்டி எந்த வகை என்று கேட்கத்தான் போனேன்.

சோதனை அறை டாக்டர் என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அந்தக் கட்டியின் துண்டு ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இது இவர் தலைக்குள் இருந்தது என்று நினைத்ததும் கண்ணை எடுத்துவிட்டேன்.

"எனக்கு இது மெதுவா வளர்ற கட்டி மாதிரி தெரியுதுங்க டீச்சர். பெரிய டாக்டர் வேகமா வளர்ற வகைங்கிறார். மெதுவானதுன்னா பல வருசம் இருப்பாருங்க. மத்ததுன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். "வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு துண்டு அனுப்பியிருக்கோம். அவங்க பாத்துச் சொல்லட்டும்."

ஒரே சதைத் துண்டைப் பார்த்துவிட்டு இருவரும் இரண்டு விதமாகச் சொன்னால் நான் எதை நம்புவது?

வீட்டுக்கு வந்ததும் இவர், "என்ன சொன்னாங்க, சரசு?" என்றார்.

"இன்னும் முடிவு தெரியலைங்க."

அது பொய் இல்லை. ஆனாலும் இவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

"கெணத்தோரமா தென்னம்பிள்ளை வெக்கோணும். ஆறேழு வருசத்துல காச்சுரும்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

வெச்சுரலாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

இப்போது பக்கத்தில் தூங்குகிறார். தூங்குவதுபோல் படுத்திருக்கிறாரோ என்னவோ. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.