இரண்டு தரம் சாப்பிட்டவருக்கு

என் அன்பான இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள், கடிதத்தில் மட்டும் எப்படிச் சொல்வேன்? கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த ஒரு சொல்லுக்குத்தான் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். இன்றைக்கும் அதையே சொல்லிக் கூப்பிடுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. லண்டன் கிங்ஸ்பரியில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். மகள் சுபா யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருசம். ஊர்ச் சேதியை மட்டும் கேட்காதீர்கள். இந்த 2009 எங்கள் சனத்துக்கு எப்படிப் போனது என்று எழுத எனக்குக் கை வராது. அதையெல்லாம் கேட்காமல் நீங்கள் போய்ச் சேர்ந்தது ஒருவகையில் புண்ணியம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் சேதி ஒன்றுதான். நீங்கள் போய் ஒரு வருசமாகியும் பின்னேரம் ஆறு மணிக்கு முன்னால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நீங்கள் வேலை முடிந்து வந்து கை கழுவினால்தான் எனக்கும் சாப்பாடு என்று இருந்தவள் அல்லவா? இப்போதும் ஆறு மணிக்கு உங்கள் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைப்பேன். கதவு திறக்காது. பசியும் போய்விடும். சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது, டொக்டர் ஏசுகிறார். சுபா கெஞ்சுகிறாள்: "அம்மா, பிளீஸ், ஒரு நாளைக்காவது என்னோட இருந்து லஞ்ச் சாப்பிடுங்கோ."

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வருசம் முடிந்து உங்கள் ஆட்டைத் திவசம் வந்தது. ஐயரைக் கூப்பிட்டுச் சைவமாகச் செய்வது, மறுநாள் உங்களுக்கு விருப்பமான மச்சம் எல்லாம் சமைத்துப் படைப்பது என்று உங்கள் தங்கச்சி பவளம் குட்மேய்ஸிலிருந்து போனில் சட்டம் போட்டாள். கணவாய்ப் பிரட்டல், இறால் பொரியல், முட்டை என்று அவள் சொல்லிக்கொண்டே போக, எனக்கு மனதுக்குள் ஒரு குடைச்சல். ஜேர்மனியில் கோப்பை கழுவத் தொடங்கிய காலத்திலிருந்து கடைசி வரை நீங்கள் வேலைக்கு நின்றது ஜப்பான்காரரின் சாப்பாட்டுக் கடைக் குசினியில். அங்கே என்ன சாப்பிட்டீர்கள், எது பிடிக்கும்? வீட்டில் அதைப் பற்றி நீங்கள் வாயே திறந்ததில்லை. படைக்கிற அன்றைக்காவது உங்களுக்கு உண்மையில் பிடித்ததை வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

183 பஸ் ஏறி ஹெண்டனில் நீங்கள் கடைசியாக வேலை செய்த கடைக்குப் போனேன். பச்சை மீனும் பணக்காரச் சனமும் இருக்கும் என்று பயந்து போனால், அங்கே இருந்தது குழந்தைப் பிள்ளைகளோடு வந்த தாய்மார். கொம்பனி வேலையாக லண்டனில் வந்து இருக்கிற ஜப்பான் குடும்பங்கள். ஆளுக்கொரு தட்டம், அதில் சோறு, சூப், உப்புப் போட்டு வாட்டிய மக்கரல் மீன், கொஞ்சம் ஊறுகாய். பெரும்பாலும் அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் தோர்ண்டன் ஹீத்துக்கு இடியப்பமும் சொதியும் தேடிப் போவது மாதிரித்தான் அவர்களும் வருகிறார்கள்.

உங்கள் முதலாளி மொரித்தா ஐயா என்னைக் கண்டதும் ஓடி வந்தார். செத்தவீட்டில் கண்ட முகத்தை அவர் மறக்கவில்லை. எனக்கும் ஒரு தட்டம் வந்தது. அவர்கள் சாப்பிடுகிற குச்சி இரண்டையும் பிடிக்கப் போய் ஒன்று மேசைக்குக் கீழே போக, சிரிக்காமல் கரண்டி கொண்டுவந்து தந்தார், நல்ல மனுசன். அந்தச் சூப் உறைப்பில்லாத சொதி மாதிரி. என் வாய் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அவருக்கு இங்கே எது விருப்பம்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன்.

"எல்லாமே" என்றார். "மத்தியானச் சனம் போனதும் நாலு மணிக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். அது என் கடையின் முறை. மக்கரல் மீன் என்றால் உங்கள் கணவர் இரண்டாம் தரமும் சோறு கேட்பார். இப்படிச் சாப்பிட்டால் வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்பேன். மனைவி சாப்பிடாமல் என் வழி பார்த்துக்கொண்டிருப்பாள், போய் இன்னொரு தரம் சாப்பிட வேண்டும் என்பார்."

அட பாவி மனுசா! நாலு மணிக்கு அங்கே ஒரு வயிறு, ஆறு மணிக்கு இங்கே ஒரு வயிறா? "இன்னும் கொஞ்சம் போடுமப்பா, நல்லாயிருக்கு" என்று கோப்பையை நீட்டினீர்களே! வயிறு முன்னுக்குத் தள்ளத் தள்ள, ஜப்பான்காரனின் எண்ணெய்தான் உங்களுக்கு வண்டி வைக்குது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். "நான் சாப்பிட்டிட்டன், நீர் சாப்பிடும்" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன வந்தது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பயம் பிடித்தது. அந்த இரண்டாவது சாப்பாடுதான் உங்கள் நெஞ்சை அடைத்து உங்களைக் கொண்டுபோனதோ? சுபாவிடம் கேட்டே விட்டேன். "அம்மா, அப்பா ஒளிச்சு ஒளிச்சு ஸ்மோக் பண்ணினவர். உங்கட சாப்பாட்டை பிளேம் பண்ணாதீங்கோ" என்றாள். அவள் சொல்வது சரிதானே?

படைக்கிற அன்று காலை சுபா கடைக்குப் போய் அந்தத் தட்டத்துச் சாப்பாட்டை வாங்கி வந்தாள். பவளம் அதைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன மச்சாள் இது? சம்பளத்துக்கு நிண்ட இடத்துச் சாப்பாட்டையோ அண்ணைக்குப் படைக்கிறது?"

"அது அவர் ஒவ்வொரு நாளும் விரும்பிச் சாப்பிட்டது பவளம். எனக்கு இப்பதான் தெரியும். அதை வைக்காமல் நான் படைக்க மாட்டன்."

முணுமுணுத்துக்கொண்டே வாழையிலையில் இடம் ஒதுக்கினாள். மீனும் சூப்பும் சோற்றுக் கிண்ணமும் கணவாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தின. குச்சி இரண்டும் இலையில் நில்லாமல் உருண்டு உருண்டு விழ, "சனியன்" என்று பவளம் அவற்றைச் சோற்றுக்குள் நிமிர்த்திக் குத்திவிட்டாள்.

சுபா கடையில் சொல்லிவிட்டு வந்ததால் மத்தியானம் மொரித்தா ஐயாவும் வந்தார். இலையைக் கண்டதும் அப்படியே முழந்தாளிட்டு இருந்து, கை கூப்பி, கனநேரம் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. குச்சியைக் காட்டி, "இதை யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"ஐயோ, நான் பிழையாக் குத்திப்போட்டனோ?" என்று பவளம் பதறினாள்.

அவர் சொன்னதைச் சுபா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அவர்களுடைய நாட்டில் சோற்றில் குச்சியை இப்படி நட்டு வைப்பது செத்தவருக்கு மட்டுமாம். உயிரோடு இருக்கிற ஆளின் சோற்றில் யாரும் இப்படிச் செய்யமாட்டார்களாம்.

எனக்குக் குச்சியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல வந்தது. கையும் அதற்கு நீண்டுவிட்டது. பவளம் அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"விடுங்கோ மச்சாள். அண்ணை செத்துப்போனார். இனி வரமாட்டார்."

ஒரு வருசமாக இதை என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். மொரித்தா ஐயாவுக்கு முன்னால், வெட்கமில்லாமல், உங்கள் செத்தவீட்டில் அழாத அழுகையெல்லாம் அழுது தீர்த்தேன். பிறகு பவளம் இலையில் இருந்த எல்லாவற்றையும், அந்த மீனையும் சேர்த்து, குழைத்துத் திரட்டி எங்கள் ஒவ்வொருவருடைய கையிலும் ஒரு கவளம் வைத்தாள். மொரித்தா ஐயாவும் கையால்தான் சாப்பிட்டார். நான் இன்னொரு கவளம் கேட்டேன். நேரம் மூன்று மணிகூட ஆகவில்லை.

இஞ்சாருங்கோ, இனி ஆறு மணி வரை உங்கள் வழி பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். பசிக்கும்போது சாப்பிடுவேன், சுபாவோடு இருந்து சாப்பிடுவேன். இது சத்தியம். நீங்களும் எனக்கு ஒரு சத்தியம் தாருங்கள். அங்கே யாராவது இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டால், வயிறு நிறைந்திருந்தால், வாயைத் திறந்து போதும் என்று சொல்லுங்கள்.

உங்கள் பெண்சாதி,
சுபாவின் அம்மா தவம்