விசாரணைக்கு நீங்கள் வர வேண்டாம்

அன்புள்ள உங்களுக்கு,

மலை மக்களுக்காக நாம் சங்கம் தொடங்கிய வருடம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். “பள்ளிக்கூடத்துல வேலை முடிஞ்சா மணி அடிக்கும். இந்த வேலை முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?” அப்போது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெரிந்தால் சொல்கிறேன் என்று மறுபடியும் குனிந்துகொண்டேன். முழுப் பதில் இன்னும் தெரியாது. இந்த வாரம் நடந்ததை எழுதினால் பாதியாவது தெரியும் என்று தோன்றுகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. சங்க அலுவலகத்தின் பின்னறை ஒழுகியது, ஆள் வைத்து அடைத்தாயிற்று. ஜீப் ஓடுகிறது. ஓட்டுநர் அதைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறார். இடுப்பெலும்பு முறிந்து தன் வீட்டுக்கு வந்த அப்பா இப்போது கைத்தடி இல்லாமல் கூடத்தைச் சுற்றி வருவதாக மகன் போனில் சொன்னான். கேட்டதும் நிம்மதி. அடுத்த வாக்கியத்திலேயே, விசாரணைக்குப் போயே தீருவேன் என்று நீங்கள் டிக்கெட் எடுத்துவிட்டதையும் சொன்னான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த விசாரணையோடு முடிவு சொல்லிவிடுவார்களாம். மலைக் குடியிருப்பு மக்கள் தலைமுறையாய்ப் பயிரிடும் சரிவு அவர்களுடையது என்று எழுதித் தருவார்கள். இல்லையென்றால் வேலி போட்டுவிடுவார்கள். வேலிக்கான கம்புகள் ஏற்கெனவே பாதையோரம் வந்து இறங்கிவிட்டன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் பெண்கள் தண்ணீருக்குப் போகிறார்கள்.

போன விசாரணையைப் பற்றி அன்று நீங்கள் என்னிடம் சொன்னது, அதிகாரி திமிர் பிடித்தவர் என்பது மட்டும்தான். குடியிருப்புப் பெண்கள் இப்போது மீதியைச் சொன்னார்கள். “இந்தச் சரிவுல என்னம்மா பயிர் பண்றீங்க?” என்று அவர் பெண்களின் தலைவியைக் கேட்டாராம். தலைவி மூச்சை இழுத்துப் பேச்சைத் தொடங்குவதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்களாம். பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாராம், அதற்கும் நீங்களே. கடைசியில் அவர் கோப்பை மூடி, “எல்லாம் இவருதான் சொல்றாரு. நிலத்துக்காரங்க யாருன்னு எனக்கு இன்னும் தெரியலையே” என்றாராம். இதை அவர்கள் கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார்கள்.

அதனால் இந்த வாரம் நம் கூட்ட அறையில் ஒத்திகை வைத்தார்கள். யோசனை தலைவியுடையது. ஓட்டுநர்தான் அதிகாரி. கழுத்துவரை பொத்தான் போட்டு, உங்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, “ம், சொல்லு” என்றார். தலைவி விடவில்லை. “அந்த ஆளாவது ‘சொல்லுங்க’ன்னாரு. நாற்காலி கெடைச்சதும் ஒனக்கு என்னா மிதப்பு!” எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஓட்டுநர் ஒழுங்காகவே கேட்டார். “உங்க நிலம் எது வரைக்கும் இருக்கு?”

அறையில் இருந்த எல்லோரும் சன்னலோரம் திரும்பினார்கள். நீங்கள் எப்போதும் நிற்கும் இடம். குள்ளமாய் இருந்துகொண்டு ஊருக்கே கேட்கும்படி சிரிப்பாளே, ‘வெடி’, அவள்தான் முதலில் சுதாரித்தாள். “எங்கடி பாக்குறீங்க? அங்க சன்னல்தான் இருக்கு.” மறுபடியும் சிரிப்பு எழுந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

பிறகு தலைவி, ஓடை வரைக்கும் என்றாள். வெடி, ஓடையைத் தாண்டிப் பிளந்த பாறை வரைக்கும் என்றாள். “ஒங்க மாமியார் அங்க ஆடு மேச்சா, அது நெலமாயிருமா?” “ஆமா, ஒன் மாமியார் வந்து அளந்து குடுத்தா!” சண்டை நன்றாகவே நடந்தது. வரைபடம் என் மடியில் இருந்தது. நான் அதை விரிக்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு விரிக்காமல் இருந்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

முடிவில் இருவருமே பேசுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஓடைக்கு அந்தப்பக்கம் பற்றித் தங்களுக்குள் இன்னும் பேச்சு தீரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவார்களாம். அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் தள்ளிவிட்டால்? கேட்டேன். “தள்ளுனா தள்ளட்டும்மா. பொய்யா ஒரே மாதிரி பேசி மாட்டுறதுக்கு, இது தேவலை” என்றாள் தலைவி. அவள் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் நிச்சயமில்லை என்று முகத்தில் தெரிந்தது.

கிளம்பும்போது அவள் மட்டும் பின்தங்கினாள். “ஐயா வர வேண்டாம்னு எழுதிடுங்கம்மா” என்றாள். நீயே போனில் சொல்லேன் என்றேன். “நான் ஆரம்பிச்சா அவரு முடிச்சிருவாரே!” என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள். “அவரு இருந்தா எங்க கண்ணு அவர்கிட்டயே போவுது. வேணாம்னு நெனச்சாலும் போவுது. முடிஞ்சப்புறம் வரட்டும். வந்து நல்லாத் திட்டட்டும், கேட்டுக்குறோம்.”

என் வகுப்பில் இரண்டு தோழிகள் இருந்தார்கள். நான் சின்னவளைக் கேட்டால் பெரியவள் எழுந்து பதில் சொல்வாள். அன்புதான், வேறொன்றுமில்லை. ஒரு வாரம் பெரியவள் காய்ச்சலில் வரவில்லை. சின்னவளிடம் கேள்வி கேட்டேன். காலியான இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஒரு பதில் சொன்னாள். தப்பான பதில். மறுநாளும் தப்பு. ஆனால் அந்த வாரக் கடைசியில், நான் கேட்காமலேயே கை தூக்கினாள். பெரியவள் திரும்பி வந்தபோது அவர்கள் நட்பு கெட்டுப்போகவில்லை. பெரியவள்தான் சில நாள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தாள்.

மனு தோற்கலாம். நீங்கள் வந்து நின்றாலும் தோற்கலாம். ஜெயித்தால் அன்று அந்த அறையில் நீங்கள் இல்லாததை வருடக்கணக்காக என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். வெடி உங்கள் இடுப்பை விசாரித்தாள். நடக்கிறார் என்றேன். “ஓட ஆரம்பிச்சா முன்னாடியே சொல்லிருங்க, ஒளிஞ்சுக்குறோம்” என்றாள். கேட்டுவிட்டு, சன்னலோரம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நானும் அந்தப் பக்கம் பார்க்கிறேன். அதை இங்கே எழுதி உங்களை அவசரப்படுத்த மாட்டேன். எலும்பு நன்றாகக் கூடட்டும். மாத்திரையை வேளாவேளைக்குப் போடுங்கள். நீங்கள் நல்லபடியாக நடந்து வந்து இறங்க வேண்டும், அது போதும்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது மருமகளிடம் அவள் வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அவள் நடுவில் நிறுத்தினால், நிறுத்தட்டும். அவளே மறுபடி தொடங்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்